செவலைக்குச் சோறு வைத்தல்

வீட்டுக்குப் புதிதாக வந்த நாய் தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது அடுத்து என்ன சமைத்துப் போடலாம் என்பதுதான். சோறு பிடிக்கவில்லை என்றால் முட்டை, முட்டையும் வேண்டாம் என்றால் ஈரல், அதையும் தொடவில்லை என்றால் கடையில் விற்கும் விலை கூடிய தீனி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். செவலை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு கேட்டும் படித்தும் பார்த்தும் நான் தெரிந்துகொண்டது, அந்தப் பட்டியலுக்கும் நாய் பட்டினி கிடப்பதற்கும் பல வேளைகளில் தொடர்பே இருப்பதில்லை என்பதுதான். நாய் எந்த இடத்தில் சாப்பிடுகிறது, அப்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அதன் உடம்பில் நோய் ஏதும் இருக்கிறதா, ஒரு நாளில் எத்தனை பேர் அதற்குத் தின்னக் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்த பிறகே தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சாப்பிட மறுக்கும் நாயோடு இப்போது தவித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்ற எண்ணத்தில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செவலை நாட்டு நாய். பெயருக்கேற்ற செம்பழுப்பு நிறம், வெள்ளைப் பாதங்கள், ஒரு காது மட்டும் பாதி மடிந்திருக்கும். வயது இரண்டைத் தாண்டியிருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடையை அண்டியே வளர்ந்தவள். அந்தக் கடை மூடப்பட்டதும் பக்கத்துத் தெரு நாய்கள் அவளை அங்கே நிற்க விடாமல் விரட்டத் தொடங்கின. அவளுக்கு நாள்தோறும் சாப்பாடு வைத்துவந்த ஒரு பெண்மணி, அவளுக்கு ஒரு வீடு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு அவளைத் தெரியவந்தது. எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில்கள் போகும் தண்டவாளத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

டீக்கடையை நம்பி வளர்ந்த நாயின் உணவு என்ன என்பதை நம் பகுதியில் எவரும் சொல்லிவிடுவார்கள். காலையில் டீ குடிக்க வருபவர்கள் பிய்த்துப் போடும் பொறை, அலுமினியத் தட்டில் ஊற்றிய மிச்சப் பால், மதியம் யாரோ மீதம் வைத்த சாம்பார் சோறு, இரவில் பிரியாணிக் கடையிலிருந்து வந்து விழும் எலும்பு. இரண்டு ஆண்டுகளாக இவற்றை மட்டுமே உணவு என்று அறிந்திருந்த ஒரு பிராணியின் முன்னால், கடையில் டாக் ஃபுட் என்று விற்கும் காய்ந்த தீனியை வைத்தால், அதைத் தின்னும் பொருள் என்றே அது எண்ணாமல் போகலாம். செவலை முதலில் அந்த உருண்டைகளில் ஒன்றை மூக்கால் தள்ளி உருட்டிப் பார்த்தாள்; அது நின்றதும் அதன் மேலிருந்த ஆர்வமும் நின்றுபோயிற்று. தெரியாத உணவிலிருந்து விலகி நிற்பது, கண்டதையும் தின்று வளர வேண்டியிருந்த ஒரு தெரு நாயை இத்தனை நாள் உயிரோடு வைத்திருந்த எச்சரிக்கை. அதைக் கொழுப்பு என்றோ திமிர் என்றோ பேசுவது எனக்குச் சற்றும் ஏற்புடையதாக இல்லை.

தத்தெடுத்த நாய்களைப் பற்றிப் பேசுபவர்கள் ஒரு தோராயமான கணக்குச் சொல்வதுண்டு. புது வீட்டின் அதிர்ச்சி அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்ற எண்ணம் ஊன்ற மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இது அப்படியே பொருந்திவிடாது என்றாலும், முதல் சில நாட்களில் நாய் குறைவாகச் சாப்பிடுவது இயல்பு என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள இந்தக் கணக்கு உதவுகிறது. என் மாமியார் இதை வேறு விதமாகச் சொன்னார். வாழ வந்த பெண் முதல் நாளே வயிறாரச் சாப்பிடுவாளா, அதற்குள் நீ ஏன் பதறுகிறாய் என்று கேட்டார். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாமல் இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தியோ பேதியோ இருக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் எந்த வயது நாயாக இருந்தாலும் உடனே போக வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் செவலையின் விஷயத்தில் முதலில் சரிப்பட்டது அதுதான். சமையலறைக்கு வெளியே, எல்லோரும் நடந்து போகும் வழியில் ஒரு எவர்சில்வர் தட்டில் அவளுக்குச் சோறு வைத்தோம். அவள் கழுத்துப் பட்டையில் தொங்கிய உலோக வில்லை, அவள் குனியும்போதெல்லாம் தட்டின் விளிம்பில் பட்டு 'டிங்' என்று ஒலித்தது; ஒவ்வொரு முறையும் அவள் தலையை உயர்த்தினாள். மொசைக் தரையில் தட்டு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அந்நேரம் பார்த்து ஒரு சரக்கு ரயில் வந்துவிட்டால், பெட்டிகள் அனைத்தும் கடந்து முடியும்வரை அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவாள்; அதன் பிறகு தட்டின் பக்கம் வரவே மாட்டாள். ஆனால் தட்டிலிருந்து ஒரு கோழித் துண்டைக் கவ்விக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய், அதைத் தரையில் வைத்து, முதுகைச் சுவருக்குக் கொடுத்து, எங்களைப் பார்த்தபடியே தின்றதை என் மகள் கவனித்துச் சொன்னாள். எங்கே சாப்பிட வேண்டும் என்பதை நாய் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தட்டு மாடிப்படிக்கு அடியில் போயிற்று. எவர்சில்வருக்குப் பதிலாக, நகராமலும் ஒலிக்காமலும் இருக்கும் அகன்ற மண்சட்டி ஒன்று வந்தது. கழுத்துப் பட்டையைச் சாப்பிடும் நேரத்தில் மட்டும் கழற்றினோம். சோற்றை வைத்துவிட்டு அங்கிருந்து அனைவரும் விலகினோம். கெஞ்சுவதும் கொஞ்சுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் நின்றன. தன்னைச் சுற்றி நின்று எல்லோரும் உற்றுப் பார்ப்பதை, பயந்த நாய் அன்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நேரமும் ஒரு காரணமாக இருந்தது. டீக்கடை மூடி, தெரு அடங்கிய பிறகு, மற்ற நாய்களின் தொல்லை இல்லாத வேளையில் சாப்பிட்டுப் பழகியவள் அவள். பகல் முழுதும் தொடாத சோற்றை இரவு பதினொரு மணிக்கு மேல், விளக்கெல்லாம் அணைந்த பிறகு போய்த் தின்றாள். அதனால் இரவு உணவை அந்த நேரத்திலேயே வைக்கத் தொடங்கி, பின்னர் சில நாட்களுக்கு ஒருமுறை அரை மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவந்தோம். இப்போது இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுகிறாள். சென்னையின் வெயிலில் நண்பகல் சோறு எந்த நாய்க்கும் ஏற்றதில்லை என்பதால், அதிகாலையும் அந்தி சாய்ந்த பிறகுமான இரண்டு வேளைகளே போதும் என்று முடிவு செய்துகொண்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ குறையாகவே இருந்தது. சட்டியை நோக்கி வாலாட்டிக்கொண்டு வருவாள், முகர்வாள், உதட்டை நக்கிக்கொள்வாள், எச்சில் விழுங்குவாள், திரும்பிப் போய்விடுவாள். சாப்பிடாத நாய்களை ஒரே மாதிரியாகப் பார்க்கக் கூடாது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். பயந்த நாய் சட்டியின் பக்கமே வராது. குமட்டல் உள்ள நாய் ஆசையோடு வரும், உதட்டை நக்கிவிட்டு விலகும். வாயிலோ பல்லிலோ வலி உள்ள நாய் கவ்வும், மெல்லப் பார்க்கும், கீழே போட்டுவிடும், அல்லது ஒரு பக்கமாகவே மெல்லும். உண்மையிலேயே வேறு உணவுக்காகக் காத்திருக்கும் நாய், இதை மறுத்துவிட்டு உங்கள் கையையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு உட்காரும். இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் மருத்துவரிடம் பாதி விவரத்தைக் கையோடு கொண்டு போகிறார்.

1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. வடசென்னையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பேறு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவரும், கூண்டில் கிளியோடு வந்த பெரியவரும், துணிப் பையில் பூனையை வைத்திருந்த சிறுவனும் அங்கே ஒரே வரிசையில்தான் காத்திருக்கிறார்கள். செவலையின் ஈறு வெளுத்திருந்தது, வெப்பநிலையும் கூடியிருந்தது. நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை என்பதால், தொட்டுப் பார்த்துச் சூடாக இருக்கிறது என்று நாம் சொல்வது எதற்கும் பயன்படாது. வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரத்தத்தைச் சோதித்ததில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. பழுப்பு நாய் உண்ணி கடித்துப் பரப்பும் எர்லிக்கியா என்ற நுண்ணுயிர், இரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் குடியேறித் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் இது வெகு சாதாரணம். இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று பசியின்மை. நாய்க்கு வாய் ருசி கூடிப்போய்விட்டது என்று பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில், எத்தனை நாய்கள் இந்தக் காய்ச்சலோடு படுத்திருக்கின்றனவோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை டாக்சிசைக்ளின் மாத்திரை. வழக்கமாக நான்கு வாரம் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், பாலோடு கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. மருத்துவர் அழுத்திச் சொன்ன இன்னொன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். "அம்மா, மாத்திரையை அது தினமும் சாப்பிடுற சோத்துல மட்டும் வெச்சுக் கொடுக்காதீங்க" என்றார். எந்த உணவைத் தின்ற பிறகு குமட்டியதோ அந்த உணவையே உடம்பு வெறுக்கப் பழகிவிடும். மருந்தைத் தயிர்ச் சோற்றில் மறைத்துக் கொடுத்தால், காய்ச்சல் போன பிறகும் தயிர்ச் சோறு என்றாலே நாய் ஓடும். ஆகவே சோற்றை முதலில் சாப்பிட வைத்துவிட்டு, வேறெப்போதும் கொடுக்காத ஓர் உணவில், எங்கள் வீட்டில் வேகவைத்த ஈரலின் ஒரு சிறு துண்டில், மாத்திரையைப் பொதிந்து தனியாகக் கொடுத்தோம். காய்ச்சல் இறங்கத் தொடங்கியதுமே அவளுடைய பசி திரும்பியது. உண்ணி சுவர் விரிசல்களிலும் கதவு நிலை இடுக்குகளிலும் முட்டையிட்டுத் தங்கும் என்பதால், மருத்துவர் சொன்ன மருந்தை நாயின் உடம்புக்கும் வீட்டுக்கும் சேர்த்தே பயன்படுத்த வேண்டியிருந்தது.

உடம்பு தேறிய பிறகுதான், உண்மையிலேயே வாய்க்கு ருசியாக ஏதாவது வருமா என்று காத்திருக்கும் பழக்கம் தலைகாட்டியது. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது வீட்டின் அன்பு. என் மாமியார் டீ குடிக்கும்போது மேரி பிஸ்கெட் போடுவார்; மகள் பள்ளியிலிருந்து வந்ததும் போடுவாள்; எதிர்வீட்டு அக்கா கதவருகில் நின்று பொறையை நீட்டுவார். ஒவ்வொருவரும் இரண்டு மூன்றுதான் கொடுப்பார்கள். ஒரு மேரி பிஸ்கெட்டில் ஏறத்தாழ 25 கலோரி இருக்கிறது. செவலையின் எடை 12 கிலோ. கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கின்படி அந்த எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கலோரி போதும். பத்து பிஸ்கெட் என்றால் 250 கலோரி. அதாவது அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சட்டியை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதன் பிறகு அது சோற்றைத் தொடவில்லை என்றால் அதில் வியப்பே இல்லை.

கொடுக்கக் கூடாது என்று பெரியவர்களிடம் சொல்வது எளிதும் இல்லை, எனக்கு அதில் விருப்பமும் இல்லை. இப்படி இடையிடையே நொறுக்குத் தீனியாகக் கொடுப்பது நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. செவலைக்கு அது 70 கலோரி. ஆகவே காலையிலேயே ஒரு சிறிய டப்பாவில் அன்றைக்கு உரிய அளவை, ஒரு பிஸ்கெட்டும் வேகவைத்த கோழியின் சில துணுக்குகளும் இரண்டு மூன்று காரட் துண்டுகளுமாக, போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். யார் கொடுக்க விரும்பினாலும் அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். தீர்ந்தால் அன்றைக்குத் தீர்ந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கும் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்து, அவர் கையால் போடச் சொல்கிறோம். கொடுப்பவரின் மகிழ்ச்சியும் குறையவில்லை.

சட்டியை எடுத்துவிடும் முறையைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். சோற்றை வைத்து இருபது நிமிடம் பொறுத்திருந்து, சாப்பிடாவிட்டால் எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரும்வரை வேறெதுவும் தரக் கூடாது. இந்த முறை பலன் தருவது உண்மைதான். சோற்றை மறுத்தால் முட்டை வரும், முட்டையை மறுத்தால் கோழி வரும் என்று ஒரு முறை கண்டுகொண்ட நாய், ஒவ்வொரு வேளையும் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து பார்க்கும். நாம் என்றோ ஒரு நாள் இளகினாலும் அந்தக் காத்திருப்பு இன்னும் உறுதிப்படும். ஆனால் இந்த முறை, உடம்பில் நோய் எதுவும் இல்லை என்று உறுதியான, வீட்டில் பயம் தெளிந்த நாய்க்கு மட்டுமே உரியது. வந்து சில நாளே ஆன, இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும் நாயைப் பசியால் வழிக்குக் கொண்டுவரலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செவலையின் காய்ச்சல் முற்றிலும் தீர்ந்து, மறு பரிசோதனையும் நன்றாக வந்த பிறகே நாங்கள் இதைத் தொடங்கினோம். முதல் முறை சட்டியை எடுத்தபோது, "வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்குதே கண்ணு" என்று என் மாமியார் கண் கலங்கினார். அடுத்த வேளை அவள் சட்டியை நக்கித் துடைத்து வைத்ததைப் பார்த்த பிறகு, இருபது நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

இனி சட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். மனிதனின் நாக்கில் ஏறத்தாழ 9,000 சுவை மொட்டுகள் இருக்கும்போது நாயின் நாக்கில் 1,700 அளவில்தான் இருக்கின்றன. நாய் உணவைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மூக்கினால். ஆகவே புதிது புதிதாகச் சமைப்பதைவிட, இருக்கும் உணவின் மணத்தை எழுப்புவதே சிறந்த வழி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கோழிச் சோற்றுக்கு மணமே இருக்காது. அதை நாயின் உடம்புச் சூட்டு அளவுக்கு, விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்படி, சூடாக்கி வைத்தால் செவலை மாடிப்படிக்கு அடியில் முன்பே போய் நிற்கிறாள். காய்ந்த தீனியையும் அவள் இன்று சாப்பிடுகிறாள். வெங்காயமும் உப்பும் சேர்க்காமல் கோழியை வேகவைத்த நீரை வெதுவெதுப்பாக ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, முதலில் சோற்றோடு ஒரு கரண்டி மட்டும் கலந்து, பிறகு சிறிது சிறிதாக அதன் அளவைக் கூட்டினோம். எந்த உணவையும் குறைந்தது ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அந்த உணவின் மேல் வெறுப்பும் வரும்.

காய்ந்த தீனி வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. மூட்டையைத் திறந்து வைத்துக் கிலோ கணக்கில் நிறுத்து விற்கும் தீனி எப்போது திறக்கப்பட்டது என்று நமக்குத் தெரியாது. அதிலுள்ள கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்குப் பிடித்துவிட்டால் நமக்கு முன்பே நாயின் மூக்கு அதை அறிந்துவிடும். நேற்று வரை தின்ற தீனியை இன்று திடீரென்று மறுத்தால் அதை ஒரு முறை நீங்களே முகர்ந்து பாருங்கள். சிறிய பையாக வாங்கி, பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

எங்கள் பகுதியில் இருந்துகொண்டு மீனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. காசிமேட்டில் விடியற்காலையில் போனால், வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் பேரம் பேசுகிறவர்களின் கூட்டத்துக்கு ஓரமாக, காரப்பொடியும் சிறிய கானாங்கெளுத்தியும் மலிவாகக் கிடைக்கும். "இன்னா, நாய்க்கா வாங்கினு போறே?" என்று கேட்ட மீன்கார அம்மா, தன் வீட்டு நாயும் காரப்பொடிதான் தின்னும் என்று சொல்லி ஒரு கை கூடுதலாகவே அள்ளிப் போட்டார். பச்சை மீனைக் கொடுக்கக் கூடாது. சில மீன்களில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, தயாமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துவிடும், புழுக்களும் இருக்கலாம், வேகவைத்தால் இரண்டு தொல்லைகளும் நீங்கும். காரப்பொடியின் தலையையும் குடலையும் நீக்கி, முள் விரலுக்கிடையே மாவாக நசுங்கும்வரை குக்கரில் வேகவைத்து, நசுக்கிப் பார்த்து உறுதி செய்த பிறகே சோற்றில் பிசைகிறேன். கானாங்கெளுத்தியின் முள் அவ்வளவு எளிதில் மசியாது. அதைக் கையால் நீவி முழுக்க எடுத்துவிடுவேன். மீன் வெந்த நீரை ஊற்றிய சோறு என்றால், ரயில் போனாலும் அவள் தலையை உயர்த்துவதில்லை. கருவாடு மட்டும் வேண்டாம், அதில் உப்பு மிக அதிகம்.

நாய்க்குச் சோறே ஆகாது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்களிடம் இரண்டு நகல்களே இருக்க, நாய்களிடம் அதைவிடப் பல மடங்கு இருப்பதைக் காட்டினார்கள். மனிதனோடு வாழ்ந்து நம் சோற்றைத் தின்னப் பழகிய உடம்பு அது. ஆனால் சோறும் கறியும் மட்டுமே போதும் என்பதும் சரியில்லை. அதே 2013-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர், நாய்களுக்கான வீட்டுச் சமையல் குறிப்புகள் 200-ஐ ஆராய்ந்ததில், அவற்றில் 95 விழுக்காட்டில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு; இப்படியே பல மாதம் போனால் நாயின் எலும்பு வலுவிழக்கும். ஆகவே நாங்கள் நடுவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். காலையில் ஊறவைத்த காய்ந்த தீனி 90 கிராம். இரவில் 130 கிராம் கோழியோ மீனோ, 150 கிராம் வெந்த சோறு, கொஞ்சம் மஞ்சள் பூசணி, மருத்துவர் எழுதிக்கொடுத்த கால்சியம் மற்றும் தாது மருந்து. அளவு உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். அதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

கொடுக்கக் கூடாதவற்றில் நம் வீடுகளுக்கும் நம் தெருக்களுக்கும் உரியவற்றை மட்டும் சொல்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார், குழம்பு, பிரியாணி என்று நாம் மீதம் வைக்கும் அனைத்திலும் இவை உண்டு. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசமும் கேசரியும் செய்யும் நாட்களில் குழந்தைகள் கையைக் கவனிக்க வேண்டும். திராட்சையில் தீங்கு செய்வது டார்டாரிக் அமிலமே என்று கால்நடை மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் கருதுகிறார்கள். புளியிலும் அது நிறையவே இருப்பதால் புளிக்குழம்பும் ரசமும் வேண்டவே வேண்டாம். வெங்காயம், வறுத்த பூண்டு, புளிக்கரைசல் மூன்றும் சேர்ந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸை மாலையில் பொட்டலமாக வாங்கி வந்து தின்றுவிட்டு, மிச்சத்தை நாய்க்குத் தள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரை இல்லாத சூயிங்கமும் உயிருக்கே ஆபத்து. பால் வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குச் செரிக்காது. தயிர் அளவோடு கொடுக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் காசிமேட்டில் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். கத்திரி வெயிலும் அதே காலத்தில்தான் வருகிறது. நாய்களுக்குப் பசி மந்தமாகும் காலமும் அதுவே. அதற்கு முன்பே சோற்றில் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கோழியைக் கூட்டிவருகிறேன். வெயில் நாட்களில் சட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் அதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு எடை பார்ப்பதுபோலச் செவலையையும் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, என் எடையைக் கழித்து, மாதம் ஒருமுறை குறித்துவைக்கிறோம். விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்படும்வரை கவலை இல்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மே மாதம் நாங்கள் ஊருக்குப் போகும்போது அவள் திருவொற்றியூரில் என் நாத்தனார் வீட்டில் இருப்பாள். மண்சட்டி, டப்பா, ஒரு வாரத்துக்கான தீனி, அளவுகளையும் கொடுக்கக் கூடாதவற்றையும் எழுதிய தாள் ஆகியவற்றோடு, அங்கே எந்த மூலையில் சட்டியை வைக்க வேண்டும் என்பதை இப்போதே போய்ப் பார்த்து முடிவு செய்துவிட்டோம்.